கார்க் எப்போது கோப்பையைத் தூக்கும்? ஹர்லிங், கேலிக் கால்பந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் தெற்கே இருக்கும் கார்க் கவுண்டிக்கு 2013இல் வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து இந்த ஊரின் சிவப்புச் சட்டைக்காரர்களோடு சேர்ந்து சந்தோஷப்பட்டும் அழுதும் வருகிறேன். புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் கேட்பவை, உள்ளூர் நண்பர்களோடு தேநீர் நேரத்தில் திரும்பத் திரும்ப வாதிப்பவை இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கணக்கு எல்லாம் 2025 பருவம் முடிந்தது வரைக்குமானது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் கார்க் ஆல்-அயர்லாந்து வெல்லுமா?

ஆல்-அயர்லாந்து என்பது கவுண்டிகளுக்கு இடையே நடக்கும் தேசிய சாம்பியன்ஷிப். ஹர்லிங்கில் அதை வெல்லும் என்றே நம்புகிறேன். வெறும் ஆசையில் சொல்லவில்லை. 2024, 2025 இரண்டு வருடமும் இறுதி ஆட்டம் வரை போன ஒரே அணி கார்க்தான். பக்கத்துக் கவுண்டியான லிமெரிக்கின் தொடர் ஆதிக்கத்தை உடைத்ததும் கார்க்தான். திறமை இருக்கிறது, வேகம் இருக்கிறது, கோல் அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று. ஆட்டம் கைமாறத் தொடங்கும் அந்தப் பத்து நிமிடத்தைத் தாக்குப்பிடிக்கத் தெரியவில்லை. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கால்பந்தில் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அங்கே காலிறுதியைத் தாண்டுவதே நியாயமான அடுத்த இலக்கு.

1-18, 3-27 என்று போடுகிறார்களே, இதை எப்படிப் படிப்பது?

முதல் எண் கோல், இரண்டாவது எண் புள்ளி. கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் ஒரு கோல், அது மூன்று புள்ளிக்குச் சமம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரண்டு நெடுங்கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு புள்ளி. ஆக 1-18 என்றால் 21, 3-27 என்றால் 36. ஹர்லிங், கேலிக் கால்பந்து இரண்டுக்கும் இதே கணக்கு. கால்பந்தில் மட்டும் 2025 முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி. ஒரு பக்கம் 15 பேர், ஆட்டம் 70 நிமிடம். ஹர்லிங்கில் ஆஷ் மரத்தில் செய்த ஹர்லி என்ற மட்டையும், ஸ்லிட்டர் என்ற சின்னத் தோல் பந்தும். கால்பந்தில் பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். ஆட்டம் பார்க்க இவ்வளவு போதும்.

2025 ஜூலை 20 அன்று என்னதான் நடந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குச் சில மாதங்கள் ஆனது.

டப்ளினில் க்ரோக் பார்க். எதிரே டிப்பரரி. அந்த வருடம் ஏப்ரலில் லீக் (சாம்பியன்ஷிப்புக்கு முன்பு நடக்கும் தனிப் போட்டி) இறுதியில் அதே டிப்பரரியை 3-24க்கு 0-23 என்று வீழ்த்தி, 1998க்குப் பிறகு முதல்முறையாக லீக்கை வென்றிருந்தோம். அதே மாதக் கடைசியில் எங்கள் மாகாணமான மன்ஸ்டரின் சாம்பியன்ஷிப்பில் இன்னொரு தடவை, 15 புள்ளி வித்தியாசத்தில் அடித்தோம். அந்த ஆட்டத்தில் பந்து உள்ளே வருவதற்கு முன்பே டிப்பரரியின் டாரா மெக்கார்த்தி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஜூனில் லிமெரிக் மண்ணில் லிமெரிக்கோடு மன்ஸ்டர் இறுதி. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமன், பெனால்டியில் 3-2 என்று நாம். அரையிறுதியில் டப்ளினுக்கு எதிராக ஏழு கோல். ஊர் முழுக்கச் சிவப்புக் கொடி. கடைக் கண்ணாடியில், பள்ளிச் சுவரில், டிராக்டரின் முன்னால் எல்லாம் கொடிதான்.

இடைவேளையில் கார்க் 1-16, டிப்பரரி 0-13. ஆறு புள்ளி முன்னிலை. பாதி முடியும் தறுவாயில் ஷேன் பேரெட் அடித்த கோலோடு உள்ளே போனார்கள். பக்கத்தில் இருந்தவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார், ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் பாதியில் கார்க் எடுத்தது இரண்டே இரண்டு புள்ளி. டிப்பரரி எடுத்தது 3-14. ஜான் மெக்ரா இரண்டு கோல். ஒரு பெனால்டி, அதோடு கார்க் தடுப்பாளர் ஓயன் டவுனி இரண்டாவது மஞ்சள் அட்டையில் வெளியே. கார்க்குக்குக் கிடைத்த பெனால்டியை டிப்பரரி கோல்கீப்பர் ரிஸ் ஷெல்லி தடுத்துவிட்டார். ஏப்ரலில் பந்து வரும் முன்பே வெளியேறிய அதே டாரா மெக்கார்த்தி இந்த ஆட்டத்தில் 1-13 எடுத்தார். முடிவு 3-27க்கு 1-18. ஏப்ரலில் நாம் அவர்களை அடித்த அதே 15 புள்ளி வித்தியாசம், திருப்பி வந்து சேர்ந்தது.

பயந்துவிட்டார்களா? மனம் உடைந்ததுதான் காரணமா?

‘மனம்’ என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அதனால்தான் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பந்தைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கிறது.

ஹர்லிங்கில் ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும், எதிரணி அடித்த பந்து கோல் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போன ஒவ்வொரு முறையும், கோல்கீப்பர்தான் பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்குவார். இதைப் பக்-அவுட் என்கிறார்கள். ஒரு ஆட்டத்தில் இது ஐம்பது அறுபது தடவை நடக்கலாம். தன் கோல்கீப்பர் அடித்த பந்தைத் தன் ஆளே பிடித்தால் பாதி வேலை முடிந்தது. கார்க் அணியின் பலம், பக்கத்தில் நிற்கும் தடுப்பாளருக்குக் குட்டையாகக் கொடுத்து, அங்கிருந்து ஓடி ஓடி மேலே போவது. திறந்த மைதானத்தில் இதைவிட அழகான ஆட்டம் கிடையாது.

இடைவேளைக்குப் பிறகு டிப்பரரி அந்தக் குட்டைப் பந்துக்கு வழி விடவில்லை. ஆகவே நீளமாக அடிக்க வேண்டிவந்தது. நீளமாக வந்த பந்து கீழே விழும் இடத்தில் டிப்பரரியின் நீலச் சட்டைகள் கூட்டமாக நின்றன. அவர்கள் பின்னால் ஒரு ஆளை, பிரையன் ஓ'மாராவை, யாரையும் குறி வைக்காமல் சும்மா நிறுத்தியிருந்தார்கள். நம் முன்வரிசையில் உயரமான பிரையன் ஹேஸுக்கும் ஆலன் கானலிக்கும் போக வேண்டிய பந்துகள் எல்லாம் அவர் வழியாகவே திரும்பி வந்தன. பந்து திரும்பி வந்தால் நம் தடுப்பாளர்கள் மூச்சு வாங்க முடியாது. மூச்சு வாங்க முடியாதபோதுதான் சட்டையைப் பிடிப்பார்கள், பெனால்டி கொடுப்பார்கள். அப்புறம் எல்லாம் சரிவுதான்.

இது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல. அந்த வருட சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டமே என்னிஸில் கிளேருக்கு எதிராக. முதல் பாதியில் பெரிய முன்னிலை எடுத்துவிட்டு, கடைசியில் சமனில் முடித்தோம். மே மாதம் லிமெரிக்கில் 16 புள்ளியில் தோற்றோம். மூன்றிலும் ஒரே கதை: எதிரணி நெருக்கி நின்றதும் நம் பக்-அவுட் நமக்கே எதிரியானது. குறை எங்கே என்று தெரிகிறது. தெரிந்த குறையைச் சரிசெய்யலாம் என்பதால்தான் முதல் கேள்விக்கு ‘வெல்லும்’ என்று பதில் எழுதினேன்.

கடைசியாக எப்போது வென்றோம்? அதன்பின் எத்தனை இறுதி?

கடைசி வெற்றி 2005, கால்வேக்கு எதிராக, 1-21க்கு 1-16. அது 30ஆவது பட்டம். அதன்பின் 2006, 2013, 2021, 2024, 2025 என்று ஐந்து இறுதி ஆட்டங்கள். ஐந்திலும் தோல்வி. கார்க் வரலாற்றிலேயே ஹர்லிங் கோப்பை இல்லாத நீளமான காலம் இதுதான்.

2013 மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நான் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விதிகள் எதுவும் தெரியாது. வீட்டுக்காரர் வயதானவர், கீழே வந்து ஆட்டம் பார்க்கச் சொன்னார். பேட்ரிக் ஹோர்கன் அடித்த புள்ளியில் கார்க் ஒன்று முன்னே. பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் கிளேரின் தடுப்பாளர், கோல் பக்கமே வராத டோனல் ஓ'டொனோவன், எங்கிருந்தோ ஓடி வந்து ஒன்று அடித்தார். சாம்பியன்ஷிப்பில் அதுவே அவருடைய முதல் புள்ளி. சமன். பெரியவர் உட்காரவே இல்லை. தொலைக்காட்சியை அணைக்காமல் சமையலறைக்குப் போய் கெட்டிலைப் போட்டார். தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகும் அங்கேயே நின்றிருந்தார். மூன்று வாரம் கழித்து மறு ஆட்டத்தில் கிளேர் 5-16க்கு 3-16 என்று வென்றது. அந்தச் சமையலறை வாசலில்தான் நான் கார்க் ஆள் ஆனேன்.

2021இல் லிமெரிக் 3-32க்கு 1-22 என்று அடித்தது. அது வலிக்கவில்லை, அந்த லிமெரிக் அணியை அன்று யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. 2024 வலித்தது. கூடுதல் நேரம் முடிவில் கிளேர் 3-29, கார்க் 1-34. ஒரே ஒரு புள்ளி. கடைசி வினாடியில் ராபி ஓ'ஃப்ளின் சமன் செய்யப் பந்தை அடிக்கும்போது அவர் சட்டை பின்னாலிருந்து இழுக்கப்பட்டது. படம் இருக்கிறது, எல்லாரும் பார்த்தார்கள். நடுவர் விசில் ஊதவில்லை. அது ஃப்ரீதான் (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் தனி அடி) என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கிளேரின் டோனி கெல்லி அன்று அடித்த கோலைப் பார்த்த யாரும் கிளேர் தகுதியில்லாமல் வென்றது என்று சொல்ல மாட்டார்கள்.

மன்ஸ்டரில் இருந்து வெளியே வருவதே ஏன் இவ்வளவு பெரிய பாடு?

ஐந்து அணிகள்: கார்க், கிளேர், லிமெரிக், டிப்பரரி, வாட்டர்ஃபோர்டு. 2018 முதல் ஒவ்வொருவரும் மற்ற நால்வரோடும் ஆட வேண்டும். மூன்று அணிகள் மேலே போகும், இரண்டு அணிகளுக்கு மே மாதத்தோடு வருடமே முடிந்துவிடும். முதல் இரண்டு அணிகளுக்கு மன்ஸ்டர் இறுதி. அதில் வென்றவர் நேராக ஆல்-அயர்லாந்து அரையிறுதிக்கு.

2024இல் கோப்பை வென்ற கிளேர், 2025இல் இந்த ஐந்து அணிக் குழுவிலிருந்தே வெளியே வரவில்லை. 2023இல் கார்க் கடைசி ஆட்டத்தில் லிமெரிக்கிடம் ஒரு புள்ளியில் (3-25க்கு 1-30) தோற்று வெளியேறியது. அந்த லிமெரிக் அப்புறம் ஆல்-அயர்லாந்தே வென்றது. 2024இல் முதல் இரண்டு ஆட்டமும் தோற்று, முடிந்தது என்று எல்லாரும் கைகழுவிய பிறகு, கார்க்கின் சொந்த மைதானமான பாய்ர்க் ஈ க்வீவில் ஒரு சனிக்கிழமை இரவு லிமெரிக்கை 3-28க்கு 3-26 என்று வீழ்த்தினோம். ஹோர்கனின் கடைசி நேரப் பெனால்டி. மைதானத்துக்குள் கூட்டம் இறங்கியது. அந்த இரவு இல்லையென்றால் அந்த வருட இறுதி ஆட்டமும் இல்லை.

ஹோர்கன் ஓய்வு பெற்றுவிட்டார். அணி பலவீனமாகுமா?

2008 முதல் ஆடியவர். சாம்பியன்ஷிப் வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற சாதனையோடு 2025இல் விடைபெற்றார். நான்கு ஆல்-அயர்லாந்து இறுதிகளில் தோற்றவர் பக்கம் நின்றவர். ஒரு பதக்கம் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

ஆட்டக் கணக்கில் பார்த்தால், ஃப்ரீ அடிக்க ஒரு நம்பகமான கை வேண்டும். அந்த இடம் சாதாரணமானதல்ல. மற்றபடி முன்வரிசையில் ஹேஸ், கானலி, பேரெட், டிக்ளன் டால்டன், டயர்மிட் ஹீலி என்று ஆள் இருக்கிறது. எனக்குக் கவலை முன்வரிசையில் இல்லை. நடுவில் டாரா ஃபிட்ஸ்கிப்பனுக்குத் துணையாக, ஆகாயத்தில் வரும் பந்தை இரண்டு பேர் தோளுக்கு மேல் கையை நீட்டிப் பிடிக்கிற ஆள் யார் என்பதில்தான் கவலை.

புதிய மேனேஜர் பென் ஓ'கானரிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

2025 தோல்விக்குப் பிறகு பேட் ரையன் விலகினார். அவர் மேல் யாரும் கல்லெறியக் கூடாது. மூன்று வருடத்தில் இரண்டு இறுதி, ஒரு லீக், ஒரு மன்ஸ்டர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஓ'கானர் 2004இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன். 1999, 2004, 2005 மூன்றிலும் ஆடியவர்; இரட்டைச் சகோதரர் ஜெரியும் அதே அணியில் ஓடியவர். 2023இல் 20 வயதுக்குட்பட்டோர் ஆல்-அயர்லாந்தைப் பயிற்சியாளராக வென்றார். அதாவது இப்போதைய இளம் ஆட்டக்காரர்கள் பலரை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் ஆடிய காலத்து கார்க் அணி, பக்-அவுட்டை ஒரு கலையாகவே செய்த அணி. கோல்கீப்பர் டோனல் ஓக் கியூசாக் அடிக்கும் பந்து யாரிடம் போகும் என்று எதிரணிக்குப் புரியவே புரியாது. அந்த நினைவு உள்ள ஒருவர் வந்திருப்பது எனக்குத் தெம்பு தருகிறது.

கீழே இருந்து ஆள் வருகிறார்களா?

வருகிறார்கள். 20 வயதுக்குட்பட்டோரில் 2020, 2021, 2023 என்று மூன்று ஆல்-அயர்லாந்து. 2021இல் மைனர் (பதின்வயதுச் சிறுவர்) பட்டமும். 2001க்குப் பிறகு மைனரில் அதுவே முதல். நடுவில் இருந்த அந்த நீண்ட வறட்சிதான் 2010களில் மூத்த அணியைப் பாதித்தது. அதற்கு முன் 2002க்கும் 2009க்கும் இடையில் மூன்று முறை ஆட்டக்காரர்களும் கவுண்டி நிர்வாகமும் மோதி, வேலைநிறுத்தம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் குடும்பங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. முதல் வேலைநிறுத்தத்தால் ஆட்டக்காரர்களுக்கு மருத்துவம், பயணம், உணவு எல்லாம் மேம்பட்டது என்பது உண்மை. கடைசி மோதல் விட்ட காயம் ஆற வெகுநாள் ஆனது என்பதும் உண்மை.

கால்பந்து பற்றி ஏன் யாரும் பேசுவதே இல்லை?

இந்தக் கேள்வியை மேற்கு கார்க்கில் கேட்டால் கோபப்படுவார்கள், நியாயமான கோபம். கார்க் நகரமும் கிழக்குப் பகுதியும் ஹர்லிங் மண். ஸ்கிபரீன், கிளானகில்டி, காசில்ஹேவன் பக்கம் போனால் கால்பந்துதான் எல்லாம். நகரத்துக்குள்ளேயே நீமோ ரேஞ்சர்ஸ் கிளப் ஏழு முறை ஆல்-அயர்லாந்து கிளப் பட்டம் வென்றிருக்கிறது.

மூத்த கவுண்டி அணியின் கணக்கு: 1890, 1911, 1945, 1973, 1989, 1990, 2010. ஏழு பட்டம். 5.8 லட்சம் பேர் வாழும், நாட்டிலேயே பரப்பில் பெரிய கவுண்டிக்கு இது குறைவு. முக்கியக் காரணம் வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். மேற்கே எல்லையைத் தொட்டுக்கொண்டு கெர்ரி. 2025இல் அவர்கள் வென்றது 39ஆவது பட்டம். ஒவ்வொரு வருடமும் மன்ஸ்டரில் அவர்களைத் தாண்ட வேண்டும். கார்க் கடைசியாக மன்ஸ்டர் கால்பந்து வென்றது 2012.

2020 நவம்பர் நினைவிருக்கிறதா? ஆள் இல்லாத மைதானம், கொரோனா காலம், மழை. கூடுதல் நேரத்தின் கடைசி வினாடியில் மார்க் கீன் கோல் அடித்துக் கெர்ரியை வெளியேற்றினார். தெருவில் யாரும் கூட முடியாது என்பதால் எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் தங்கள் வாசலில் நின்று கத்தினோம். அடுத்த ஆட்டத்தில், மன்ஸ்டர் இறுதியில், டிப்பரரியிடம் தோற்றோம். அவர்களுக்கு அது 1935க்குப் பிறகு முதல் மன்ஸ்டர். கால்பந்து அணியின் சிக்கல் அந்த இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரிந்தது: பெரிய அணிக்கு எதிராக எழுந்து நிற்பார்கள், அடுத்த வாரமே சரிவார்கள்.

2025 ஏப்ரலில் கெர்ரியை மறுபடியும் கூடுதல் நேரம் வரை இழுத்தோம், இரண்டு புள்ளியில் தோற்றோம். அந்தக் கெர்ரிதான் ஜூலையில் கோப்பையைத் தூக்கியது. அந்த மட்டத்துக்கு ஆடத் தெரிந்த அணி 2025 லீக்கில் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. முதல் டிவிஷனுக்குப் போய், வாராவாரம் கெர்ரி, டப்ளின், கால்வே போன்றவர்களோடு மோதிப் பழகாமல் ஜூன் மாதத்தில் மட்டும் அவர்களை வெல்ல முடியாது. என்னைக் கேட்டால், கால்பந்துக்கு அடுத்த கோப்பையைவிட முதல் டிவிஷன்தான் அவசரம்.

ஒரே ஆள் இரண்டும் ஆடலாமா? 1990 மாதிரி இன்னொரு வருடம் வருமா?

1990இல் கார்க் இரண்டையும் வென்றது. ஹர்லிங்கில் கால்வேயை 5-15க்கு 2-21, இரண்டு வாரம் கழித்துக் கால்பந்தில் மீத் அணியை 0-11க்கு 0-9. டெடி மெக்கார்த்தி இரண்டு இறுதியிலும் களத்தில் ஆடினார். ஒரே வருடத்தில் இரண்டு மூத்த ஆல்-அயர்லாந்தையும் களத்தில் ஆடி வென்ற ஒரே மனிதர் அவர். உயரம் சுமார்தான், ஆனால் எம்பினால் எல்லாருக்கும் மேலே இருப்பார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். 2023இல் காலமானபோது ஊரே அழுதது.

இன்று அப்படி ஆடுவது நடக்காத காரியம். ஜனவரியிலிருந்து ஜூலைக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள், இரண்டு அணியும் வாரம் மூன்று நான்கு நாள் பயிற்சி கேட்கிறது. கிளப் மட்டத்தில் இன்னும் நடக்கிறது. ஹேஸ் செயின்ட் ஃபின்பார்ஸ் கிளப்புக்கு இரண்டும் ஆடுகிறார். கவுண்டிக்கு என்று வரும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிறந்த தடகள உடம்புகள் ஹர்லிங் பக்கம் போய்விடுகின்றன என்று கால்பந்து ரசிகர்கள் சொல்வதில் உண்மை உண்டு.

நல்ல ஆட்டக்காரரைப் பக்கத்துக் கவுண்டியிலிருந்து விலைக்கு வாங்கினால் என்ன?

முடியாது. யாருக்கும் சம்பளமே கிடையாது. இறுதி ஆட்டத்தில் 82,000 பேர் முன்னால் ஆடுகிறவர் திங்கட்கிழமை ஆசிரியராக, மின்பணியாளராக, விவசாயியாக வேலைக்குப் போகிறார். பிறந்து வளர்ந்த ஊர் கிளப், அந்தக் கவுண்டி, அவ்வளவுதான். நம் தெருப் பிள்ளை தவறவிட்ட பந்து என்பதால்தான் தோல்வி இவ்வளவு உறைக்கிறது.

இருபது வருடமாகக் கார்க்குக்கு எந்தக் கோப்பையுமே இல்லையா?

இப்படிக் கேட்பவர்கள் பெண்களை மறந்துவிடுகிறார்கள். பெண்கள் ஆடும் ஹர்லிங்கான கமோகியில் 2023, 2024 இரண்டு வருடமும் கார்க்தான் சாம்பியன். 2025 இறுதியில் கால்வேயிடம் கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளியில் இழந்தார்கள். பெண்கள் கால்பந்தில் 2005 முதல் 2016 வரை 12 வருடத்தில் 11 ஆல்-அயர்லாந்து. அயர்லாந்தின் எந்த விளையாட்டிலும் அதற்கு ஈடு சொல்வது கடினம். உங்களுக்குப் பெண் குழந்தை இருந்தால் இதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டு கோப்பைகளுக்கும் கார்க் பெயர்தான் என்கிறார்களே?

ஆமாம். கால்பந்துக் கோப்பைக்குப் பெயர் கொடுத்த சாம் மக்வயர், மேற்கு கார்க்கில் டன்மான்வே பக்கத்துக்காரர். லண்டனில் தபால் துறையில் வேலை பார்த்தவர், அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸைப் புரட்சி இயக்கத்துக்குள் கொண்டுவந்தவர். ஹர்லிங் கோப்பைக்குப் பெயர் கொடுத்த லியம் மெக்கார்த்தி லண்டனில் பிறந்தவர், தந்தையின் வேர் கார்க். இரண்டு கோப்பையும் நம் வீட்டுப் பிள்ளைகள் பெயரில் வருடாவருடம் வேறு ஊருக்குப் போகின்றன. டன்மான்வே சதுக்கத்தில் மக்வயரின் சிலை நிற்கிறது. 2010க்குப் பிறகு அந்தக் கோப்பை அந்தச் சிலை இருக்கும் கவுண்டிக்குச் சாம்பியன்களின் கையில் வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ‘நாம்’ என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் ஏற்பார்களா?

2005இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஷான் ஓக் ஓ ஹால்பீன் ஃபிஜியில் பிறந்தவர். தாய் ரொட்டுமா தீவுக்காரர். சிறுவனாக ஆஸ்திரேலியாவிலிருந்து கார்க் வந்து, நா பியர்சை கிளப்பில் ஹர்லி பிடிக்கக் கற்றார். அன்று க்ரோக் பார்க் மேடையில் பேச்சை ஐரிஷ் மொழியிலேயே பேசினார். கார்க் கடைசியாக வென்றபோது கோப்பையைப் பிடித்திருந்த கை அது. எனக்கு இதுவரை யாரும் ‘நாம்’ என்பதைத் திருத்தியதில்லை.

உங்கள் பகுதியில் ஒரு கிளப் கட்டாயம் இருக்கும். சனிக்கிழமை காலை சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும். ஒரு ஹர்லியும் ஹெல்மெட்டும் போதும். பெரியவர்களுக்குத் தேநீர் மேசை, கொடி கட்டுவது, வாகனம் நிறுத்த வழிகாட்டுவது என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும்.

இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் எப்படி வாங்குவது?

லீக், மன்ஸ்டர் ஆட்டங்களுக்கு இணையத்தில் வாங்கலாம். கார்க் ஹர்லிங் என்றால் விற்பனை திறந்ததும் உட்கார்ந்துவிடுங்கள். ஆல்-அயர்லாந்து இறுதி டிக்கெட்டுகள் பெரும்பாலும் கிளப்கள் வழியாகவே பங்கிடப்படுகின்றன. கடைசி வாரத்தில் ஓடிப்போய்க் கேட்டால் கிடைக்காது. வருடம் முழுக்கக் கிளப்பில் நின்றவர்களுக்குத்தான் முதலில் தருவார்கள், அதுதான் முறையும்கூட.

ஒரே ஒரு ஆட்டம் நேரில் பார்க்க வேண்டுமானால்?

மன்ஸ்டர் ஹர்லிங், மே மாதம், பாய்ர்க் ஈ க்வீவில். எதிரணி லிமெரிக்காக அமைந்தால் இன்னும் நல்லது. காரை நகரத்திலேயே விட்டுவிட்டு லீ ஆற்றங்கரையில் மரீனா வழியாகக் கூட்டத்தோடு நடந்து போங்கள். முதல் பாதியில் எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். இடைவேளைக்குப் பிறகு முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள், கார்க் கோல்கீப்பரைப் பாருங்கள். எதிரணி ஒரு புள்ளி எடுத்ததும் அவர் பந்தைக் கையில் எடுத்து ஒரு வினாடி நிமிர்ந்து பார்ப்பார். எந்தச் சிவப்புச் சட்டை கையைத் தூக்கிப் பந்தைக் கேட்டு ஓடிவருகிறது என்று எண்ணுங்கள்.

மூன்று பேர் வந்தால், எனக்கு உடனே ஒரு செய்தி அனுப்புங்கள்.